இன்சோப்புக்கு அடித்த பாடை மேளம்

இன்சோப் அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மழையில் வெங்காயத்தாள் அறுக்கப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிச் சமையல் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை இங்கே தேகு நகரக் கடைவீதியில் நம் பிள்ளையைப் போன்றவர்களின் வானவில் கொடி ஊர்வலம் நடந்தது. "அம்மா, அவன் மேளம் சும்மா கிடக்குது, நீங்க அடிங்க" என்று அவன் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்தது நம் ஜிந்தோ தீவில் பாடைக்கு முன்னால் பெண்கள் அடிக்கிற அடி ஒன்றுதான். கை அதையே அடித்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கி, என் பின்னால் மெதுவாக நடந்தார்கள்.

ஓரத்தில் சர்ச் ஆட்கள் கத்தினார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று தோளில் பட்டது, காயமில்லை.

"பெரியம்மா, இந்தக் கருமாந்திரங்களோட உனக்கென்ன வேலை?" என்றாள் ஒருத்தி.

"மகனை எடுத்துட்டுப் போறேன், வழி விடு" என்றேன். ஒதுங்கிவிட்டாள்.

ஊர் பேசும் என்று மேளமில்லாமல் அவனை எரித்தோம். நீங்கள் சொன்னீர்கள், நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது அடித்தும் மனம் ஆறவில்லை. பெற்ற அப்பா வராத ஊர்வலம் அது.

காய்ந்த கடற்பாசி கொஞ்சம் அனுப்புங்கள். திவசத்துக்கு மேளத்தோடு வருவேன். அன்று கதவைச் சாத்தாதீர்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

இன்சோப் அம்மா