சோறு இறங்கவில்லை என்றாள்

பரமத்தி வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சௌமியா சாமிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை உன் அம்மா சுகமாகிக்கொண்டு வருகிறாள் என்றுதான் எழுத முடியும். பயப்படாதே, முழுதும் படி. போனில் அம்மா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் காகிதம்.

இரண்டு வருஷத்துக்கு மேலாக அவளுக்குச் சாப்பிட்டது நெஞ்சிலேயே நின்றுகொண்டிருந்தது, தண்ணீர்கூட நிற்கும், படுத்தால் மேலே வந்துவிடும், ஒரே இருமல். கேஸ் என்று நானே மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், நானும் பெரிய டாக்டர் பார். பன்னிரண்டு கிலோ இளைத்த பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். புற்றாக இருக்குமோ என்று பயந்தேன், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து அது இல்லை என்றார்கள். பிறகு வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு விழுங்கும் அழுத்தத்தை அளந்தார்கள். அக்கலேசியா என்று பெயராம். உணவுக்குழாய் சோற்றைக் கீழே தள்ளுவதில்லை, வயிற்று வாசலில் இருக்கும் தசையும் திறப்பதில்லை. வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டுகிறவனுக்கு இது புரியாதா, மடை திறக்காவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஏறத்தானே செய்யும். வயிற்றில் சிறு துளைகள் போட்டு அந்தத் தசையை வெட்டி விட்டிருக்கிறார்கள். தள்ளுகிற பலம் திரும்ப வராதாம், இனி மெதுவாக மென்று, தண்ணீரோடு சாப்பிட வேண்டும், சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் உன் கல்யாணப் பந்தியில் அவள் பாதியில் இலையை மூடிவிட்டு, "எனக்குச் சோறு எறங்குலீங்க" என்று உன் மாமியாரிடம் சொன்னாள். மாப்பிள்ளையைப் பிடிக்காமல் குத்திப் பேசுகிறாள் என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைத்து வீட்டுக்கு வந்து திட்டினேன். அவளுக்குக் கோபமே இல்லை என்று பொய் எழுதமாட்டேன், இருந்தது. ஆனால் இலையை மூடியது கோபமில்லை சாமி, சோறு நிஜமாகவே இறங்கவில்லை. அன்றைக்கே விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "எறங்குலீன்னு சொன்னேனுங்களே. வேற எப்படிச் சொல்லோணும்?" என்றாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும், அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு ஓடாதே. ஒன்று மறந்துவிட்டேன். நேற்று ஒரு இட்லி முழுதாக இறங்கியது. கை கழுவிவிட்டு வந்து, சௌமியா கல்யாணத்தில் என்ன பாயசம் போட்டார்கள் என்று கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை. நீயே போன் பண்ணி அவளிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
குழந்தைவேல்