தலைவர் மறுபடியும் அழிந்தார்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் தலைவரை அழித்துவிட்டேன்.

நீச்சல் மன்றத்தின் உறுப்பினர் டேட்டாபேஸ் என் பொறுப்பு. சந்தா கட்டாதவர்களை நீக்க வேண்டும். நான் நீக்கச் சொன்னது ஒரு பல் டாக்டரை. போனதோ, பட்டியலில் முதல் வரியில் இருக்கும் மன்றத் தலைவர்! குளித்துவிட்டு வந்தவரின் அட்டையை உடைமாற்றும் அறைக் கதவு ஏற்கவில்லை. ஈரத் துண்டோடு, தொப்பையும் தானுமாக நடைவழியில் நின்றாராம். காவலாளி வேறு, "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே சார்" என்றிருக்கிறார்.

போன தடவை போலவே மேலாளர் என் பின்னால் நின்றபோதுதான் நடந்தது. "இன்னொரு தடவை ஆச்சுன்னா தலைவரோட சேர்ந்து நீங்களும் வெளிய நிக்க வேண்டியதுதான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

மென்பொருள் செய்தவர்களின் புகார்ப் பக்கத்தில் எழுதிப் போட்டேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மேலாளரும் அதன் இணைப்பை வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 7, வெள்ளி

மென்பொருள்காரரின் பதில்: "நீங்கள் எழுதியபடியே செய்தேன். சரியான ஆள்தான் அழிகிறார். வேறு ஏதாவது செய்தீர்களா?"

என்னத்தைச் செய்தேன்? வரியைத் தேர்ந்தெடுத்தேன், அழித்தேன். தனியாக இருக்கும்போது எனக்கும் ஒழுங்காகத்தான் போகிறது. மேலாளர் வந்தால்தான் கோணல். மனுஷன் ராசியே அப்படியா?

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் என்ன செய்வேன்? திரை முழுக்க விரிந்திருக்கும் சீட்டாட்டத்தைச் சட்டென்று மூடுவேன். பின்னால் பட்டியல் தெரியும். மும்முரமாக வேலை செய்கிற மாதிரி, முன்பே தேர்ந்தெடுத்து வைத்த வரியை அழிப்பேன். தேர்வைக் காட்டும் நிறம் என்னவோ அந்த வரியில்தான் நிற்கிறது. மென்பொருள் மட்டும் சத்தமில்லாமல் முதல் வரிக்குத் தாவிவிடுகிறது.

ஐயோ, இதை எப்படி எழுதுவேன்?

மார்ச் 11, செவ்வாய்

"வேறொரு நிரல் திறந்திருந்தது" என்று பட்டும் படாமலும் எழுதினேன். உடனே பதில்: "எந்த நிரல்? என்னென்னவோ திறந்து பார்த்துவிட்டேன், பிழை வரவில்லை."

விடமாட்டான் போலிருக்கே!

தங்கச்சியிடம் அழாத குறையாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "வேலை போகணுமா, மானம் போகணுமா, நீயே முடிவு பண்ணுக்கா" என்றாள்.

மானத்தை அனுப்பிவிட்டேன். சீட்டாட்டம், செருப்புச் சத்தம், அவசரம் — எல்லாவற்றையும் வரிசையாக எழுதியாயிற்று.

மார்ச் 13, வியாழன்

பிழை பிடிபட்டது. திருத்துகிறார்களாம். அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள், "எனக்கும் இதே கதிதான்" என்று வரிசை கட்டி நிற்கிறார்கள். ஒருவர் மட்டும், "எனக்கு அது சதுரங்கம்" என்று திருத்தியிருக்கிறார்.

மேலாளரும் படித்துவிட்டார். என் மேசைப் பக்கம் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் வெறுங்காலோடுதான் வந்தார்.

மார்ச் 20, வியாழன்

புதிய பதிப்பு வந்தது. போட்டேன். மேலாளர் வந்து நின்று, "எங்க, நீங்க எழுதின மாதிரியே செஞ்சு காட்டுங்க" என்றார்.

நகல் பட்டியல் ஒன்றில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தேன். அவர் கண்ணெதிரே சீட்டாட்டத்தைத் திறந்தேன். இரண்டு சீட்டை நகர்த்தி, மூடி, அழித்தேன். சரியான ஆள்தான் போனார். தலைவர் முதல் வரியில் அசையாமல் இருந்தார்.

அப்பாடா என்று நிமிர்ந்தேன். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு தடவை போதாதும்மா, இன்னொரு தடவை சோதிப்போம். திறங்க. ம்... அந்தக் கறுப்பு எட்டை ஏன் சும்மா வச்சிருக்கீங்க? சிவப்பு ஒன்பதுல போடுங்க."

சாயங்காலம் வரை சோதித்துக்கொண்டிருந்தோம்.