எட்டு மாடியும் ஒரு சின்னத் தட்டும்

ஜூன் 3
இந்தப் பயணத்தில் என்னென்ன நடக்கும் என்று எனக்கு இன்றைக்கே தெரியும். லிஃப்டைச் சோதிக்கிற எடைக்கட்டி ஏற்றிய லாரி நேரத்துக்கு வராது. உருளைக்கிழங்கு மூட்டையால் ஒரு வம்பு வரும். நான் தொண்ணூறு கிலோவுக்குக் கீழே இறங்கித்தான் திரும்புவேன். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

ஜூன் 4
ஓட்டலுக்கு வந்தாயிற்று. எட்டு மாடி. லிஃப்ட் பொருத்துவது நானும் மச்சானும். அவன் என் மனைவியின் தம்பி. எனக்கு உதவியாள், அவளுக்கு ஒற்றன். கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: திரும்பும்போது தொண்ணூறுக்குமேல் இருந்தால் இனி லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் இறங்கக் கூடாது, ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து போல்ட் எடுத்துக் கொடுக்கவேண்டியதுதான். அதுவரை உள்ளே தொங்குவது மச்சான், வெளியே நின்று கத்துவது நான். காலமெல்லாம் கயிற்றில் தொங்கியவனுக்கு இது!

மனைவி பையில் ஒரு சின்னத் தட்டு வைத்திருக்கிறாள். "எங்க சாப்பிட்டாலும் இதுல ஒரே தடவ." இங்கே காலைச் சாப்பாடு இலவசம். மேசை ரயில் பெட்டி நீளம்.

ஜூன் 5
முட்டை, அதன்மேல் ரொட்டி, அதன்மேல் இன்னும் இரண்டு, உச்சியில் கேக். ஒரே தடவைதான், சத்தியமாக. மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, தட்டு சின்னதுதான். கட்டடம்தான் அஞ்சு மாடிக்குப் போயிருக்கு."

படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டான். போனில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத இந்தப் பக்கம் போதாது.

ஜூன் 9
லிஃப்ட் போடுகிறவனுக்கு லிஃப்ட் கிடையாது. ஸ்பானரை மேலே மறந்து வைத்தால் எட்டு மாடி ஏறவேண்டும். தினமும் நூறு தடவை ஏறுகிறேன். சரி, ஐந்தாறு.

ஜூன் 17
வெந்த காய், பழம், முட்டை. தட்டில் தரைத்தளம் மட்டும். கேக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதுகுக்கும் வாசனை தெரிகிறது.

ஜூன் 24
லிஃப்ட் கூண்டு ஓட ஆரம்பித்துவிட்டது! உள்ளே எவ்வளவு பாரம் என்று காட்டும் மீட்டருக்கு, தெரிந்த எடை ஒன்றை ஏற்றிப் பழக்கவேண்டும். எடைக்கட்டி லாரி இன்னும் வரவில்லை. நானே ஏறி நின்று, என் எடை எண்பது, போட்டுக்கொள் என்றேன். மச்சான் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டான். சுற்றிலும் ஓட்டல் ஆட்கள். வேறெந்த எண்ணும் வாயில் வரவில்லையே, என்ன செய்ய?

ஜூன் 26
சமையல்காரம்மா ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையை லிஃப்டில் ஏற்றினார். மீட்டர் நாற்பத்துநாலு காட்டியது. உடனே காய்க்காரரை வரவழைத்து, ஆறு கிலோ எங்கே என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். இனி உங்களிடம் காய் வாங்கப்போவதில்லை என்கிற வரைக்கும் போய்விட்டது. அந்த மனிதர் முகம் செத்துவிட்டது. அதைவிட — மீட்டர் குறைத்துக் காட்டினால், கூட்டம் அதிகமாக ஏறினாலும் எச்சரிக்கை மணி அடிக்காதே! வாயை மூடிக்கொண்டு எப்படி நிற்பது?

"அவர் மேல தப்பு இல்லம்மா. நான் எண்பது இல்ல."

சமையல்கட்டுத் தராசில் மூட்டையை நிறுத்தார்கள். சரியாக ஐம்பது. அதை வைத்து மீட்டரைத் திருத்தினோம். "இப்ப நீங்க ஏறுங்க பாப்போம்" என்றார் சமையல்காரம்மா. தொண்ணூற்றொன்று. காய்க்காரர்கூடச் சிரித்தார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, ஊர்லேந்து கிளம்பறப்ப நீங்க தொண்ணூத்தஞ்சு இருந்தீங்க."

ஜூன் 27
லாரி வந்தது. அசல் கட்டிகளை வைத்து மறுபடி எல்லாம் முறைப்படி.

ஜூலை 3
லிஃப்ட் ஜோராக ஓடுகிறது. மச்சான் அதில் போகிறான், நான் படியில். சமையல்காரம்மா எனக்கென்று எண்ணெய் இல்லாமல் தனியாகக் காய் வேகவைக்கிறார்.

ஜூலை 7
எண்பத்தொன்பது! டாக்டர் தராசைத் தட்டிப் பார்த்தார். திங்கள்கிழமை நான் ஷாஃப்டுக்குள், மச்சான் வெளியே.

எல்லாம் முன்பே தெரியும் என்று வீட்டில் முதல் பக்கத்தை விரித்துக் காட்டினேன். மனைவி படித்துவிட்டு, "உருளைக்கிழங்கு கூடவா தெரிஞ்சுது?" என்றாள். தெரியும் என்றேன்.

அந்தப் பக்கத்தை நேற்று ரயிலில்தான் எழுதினேன். ஜூன் மூன்றாம் தேதி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்டோர் ரூமை நினைத்துக்கொண்டு, பேனா மூடியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.