அப்பா பேர்ல ஏறின ஸ்கோர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுறது. நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கத்தான் கை போகுது, ஆனா நலம்னு எழுதினா நீ அதையும் அப்படியே நம்பிடுவே, அதனால எழுதலை. நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். குழந்தைக்கு முன்பல் விழுந்துடுச்சாமே, உங்க அக்கா சொல்லித்தான் தெரியும். போன் இருக்கும்போது லெட்டர் எதுக்குன்னு யோசிப்பே. போன் எப்பவும் உங்கப்பா தலையணை பக்கத்துலதான் கிடக்குது, ஸ்பீக்கர்ல போட்டாத்தான் அவருக்குக் காதுல விழும், இது அவரை வெச்சுக்கிட்டுப் பேசுற விஷயம் இல்லை. தனியா எடுத்துக்கிட்டுப் போய்ப் பேசலாம்னா நீ, மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடுறேன்னு வெச்சிடுறே, அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. கீழ் வீட்டு டெய்லர் தபாலாபீஸ் பக்கம் போறாராம், அவர் கிளம்புறதுக்குள்ள முடிக்கணும், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

வீட்டுல புதுசா ஒண்ணும் இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுது, பிளம்பர் இதோ வந்துட்டேன் இதோ வந்துட்டேன்னு வந்துக்கிட்டே இருக்கார். அக்கா வேலை பார்க்கிற ஸ்கூல்ல பரீட்சை நேரம். நீ வர்றதா இருந்ததால அப்பாவைப் பார்த்துக்க அவ லீவு கேக்காம இருந்துட்டா, இப்பப் போய்க் கேட்டா தலைமையாசிரியர் முகத்தைத் திருப்பிக்கிறாராம். தம்பி வரலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லன்னு என்கிட்ட வருத்தப்பட்டா. நீ ஏன் வரலைன்னு அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

நீ அனுப்பின பெட்டியில இருந்து ஆரம்பிக்கிறேன். வாதம் வந்து விழுந்துபோன உங்கப்பா வலது கைக்கு விரல் அசையணும், விளையாட்டு மாதிரி ஏதாவது குடுங்கன்னு பயிற்சி குடுக்க வர்ற அந்தப் பொண்ணு சொன்னா. உடனே நீ, நம்ம பழைய வீடியோ கேம் கடையில காசு போட்டு ஆடின ஆட்டம் அத்தனையும் ஒரே பெட்டியில வந்திருக்கு, அப்பா துள்ளிக் குதிப்பார்னு வாங்கி அனுப்பினே, அவர் என்ன ஸ்கோர் எடுக்கிறார்னு அங்கேருந்தே உன் போன்ல பார்க்கிற மாதிரியும் பண்ணி வெச்சே. உன் எண்ணத்துல நான் குறை சொல்லலை. டெய்லர்தான் வந்து டிவியில மாட்டிக் குடுத்தார். நம்ம மெஷினுங்க படம் வரிசையா வந்து நின்னுச்சு, பக்கப் பலகையில ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கூட மாறலை. மேலேருந்து கப்பல் இறங்கி வர்றது, சுரங்கம் தோண்டுறது, மோட்டார் பந்தயம், எல்லாம் இருக்கு. ஒரு பட்டனைத் தட்டினா காசு விழுற சத்தம் மட்டும் கேக்குது, காசு கிடையாது. அதைக் கேட்டு உங்கப்பா சிரிச்சார், படுக்கையில விழுந்த பிறகு அவர் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். ஆனா ஆட்டம்னு உக்காந்தா என்ன ஆகுது, இடது கையால கப்பலை நகர்த்துறார், சுடுறதுக்கு வலது கட்டைவிரல் வேணுமே, அது பட்டன் மேல சும்மா கிடக்குது, அமுங்க மாட்டேங்குது. செத்துப்போனா ஆட்டத்தைப் பின்னாடி ஓட்டுறதுக்கு ஒரு பட்டன் வெச்சிருக்காங்க, அதை இடது கையால பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தார், எத்தனை தடவை பின்னாடி போனாலும் அதே இடத்துலதான் செத்தார். கடைசியில அந்தப் பட்டன் வெச்ச கன்ட்ரோலரைக் கட்டில்ல எறிஞ்சுட்டு சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டார்.

பட்டன் கிட்டன் ஒட்டிக்கிச்சான்னு பார்க்கத்தான் நான் எடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, கடையில தினம் காலையில ஷட்டர் தூக்கினதும் ஒவ்வொரு மெஷினா ஆடிப் பார்க்கிறது என் வேலை. உங்கப்பா கல்லாவுல உக்காந்து சில்லறை மாத்திக் குடுப்பார், நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பேசுவார், அதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. எந்த ஜாய்ஸ்டிக் இடது பக்கம் இழுக்குது, எந்த பட்டனுக்கு அடியில சுவிட்ச் செத்துப் போச்சுன்னு ஆடினாத்தானே தெரியும், அப்படி ஆடி ஆடித்தான் எனக்குக் கை வந்துச்சு. எந்த மெஷின்லயும் முதல் ஸ்கோர் என்னுதுதான் இருக்கும், ஆனா கடை அடைக்கிறப்ப உங்கப்பா மெயினை அணைச்சிடுவார், அணைச்சா ஸ்கோர் எல்லாம் அழிஞ்சு போயிடும். அதுக்காக நான் அன்னைக்கும் அழலை. ஸ்கோர் எடுத்தா மெஷின் பேர் போடச் சொல்லிக் கேக்கும், போட்டதே இல்லை, வர்ற பையனுங்க பார்த்துட்டு வீட்டு வேலையை விட்டுட்டு ஆடுறா பாருன்னு பேசக்கூடாதுன்னு. இப்பவும் அதே பழக்கத்துல பேர் போடாம விட்டேன், நீ பெட்டியில ஏத்தி வெச்சிருந்த உங்கப்பா பேர்லயே எல்லாம் ஏறிடுச்சு. அவர் மத்தியானம் தூங்குற நேரமாப் பார்த்து ஆடினேன், அந்தப் பின்னாடி ஓட்டுற பட்டனைத் தொடலை, செத்தா செத்ததுதான். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. காலையில எழுந்ததுல இருந்து துடைக்கிறது, தூக்கி உக்கார வைக்கிறது, ஊட்டி விடுறதுன்னு ஓடுற எனக்கு அந்த நேரம் மட்டும் யாரும் தேவைப்படலை.

அப்புறம்தான் நீ போன் பண்ணே. அப்பா பின்னிட்டீங்க, இந்த ஸ்கோரை எல்லாம் என்னாலயே எடுக்க முடியாது, கை பழையபடி ஆயிடுச்சு போலயேன்னு சந்தோஷத்துல கத்தினே. நான் ஈரத்துண்டைப் பிழிஞ்சுக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பார்த்துட்டு, பழைய கை எங்கடா போயிடும்னு சொன்னார். நீ விடுவியா, நல்லதாப் போச்சுப்பா, இங்க லீவு கிடைக்கிறது ரொம்பக் கஷ்டமா இருக்கு, அப்போ அடுத்த வருஷம் குழந்தையோட நிதானமா வர்றேன்னு சொன்னே. ஒரு அவசரமும் இல்லைன்னு அவர் சொன்னார். நான் துண்டைப் போட்டுட்டுப் போனைப் பிடுங்குறதுக்குள்ள நீ வெச்சுட்டே.

ஏன் இப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். மறுபடி மறுபடி கேட்டதுக்கு அப்புறம், அவன்கிட்டயாவது நான் ஒரு ஆளா இருந்துட்டுப் போறேனேன்னு சொன்னார். அதுக்கு மேல என்ன கேக்கிறது. ஆனா விஷயம் அதோட நிக்கலை. பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு உன்கிட்ட பேசினா குட்டு உடைஞ்சிடும்னு பயந்து இனிமே வரவேண்டாம்னு அவளை அனுப்பிட்டார். இந்தச் சில மாசத்துல விட்டுட்டா அப்புறம் கை அப்படியே நின்னுடும்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். சட்டைப் பட்டனை நான்தான் போட்டு விடுறேன். ஸ்பூன்ல துணி சுத்திக் குடுத்தும் பாதி சாப்பாடு நெஞ்சு மேலதான் விழுது. உன் போன்ல மட்டும் அவர் பழைய கையோட இருக்கார்.

எனக்கு உங்கப்பா மேல வர்ற கோபத்தை விட உன் மேலதான் வருது, மறைச்சு என்ன ஆகப்போகுது. மூணு மாசம் முன்னாடி டம்ளரைப் பிடிக்க முடியாத மனுஷன் அப்படி ஒரு ஸ்கோர் எடுக்கிறார்னா, வீட்டுல இன்னொரு ஆள் இருக்காளே, அவளா இருக்குமோன்னு உனக்கு ஒரு நொடி கூடத் தோணலை. ஸ்கூல் விட்டு வந்து அந்தக் கடையில உக்காந்துதானே வீட்டுப்பாடம் எழுதினே, மெஷினைத் திறந்து உள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தது யாருன்னு நீ பார்க்கலையா. எங்கப்பா கேம் கடை வெச்சிருந்தார்னு மருமகள்கிட்ட பெருமையாச் சொல்லியிருக்கே, அவளே என்கிட்ட சொன்னா, நீ சொல்லிக்கோ, வேண்டாம்னு சொல்லலை, கடைப் பலகையில அவர் பேர்தான் இருந்துச்சு. ஆனா வராம இருக்கிறதுக்கு ஒரு காரணம் கிடைக்காதான்னு பார்த்துக்கிட்டு இருந்தவன் மாதிரி என் ஸ்கோரைப் பிடிச்சுக்கிட்டியே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை.

இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா. சாப்பிட்டு முடிச்சதும் உங்கப்பா என்கிட்ட, பையன் சாயங்காலம் பார்ப்பான், ஒரு ஆட்டம் ஆடி வெச்சிடேன்னு கெஞ்சுற குரல்ல கேட்டார். இத்தனை வருஷத்துல ஆடுன்னு அவர் என்கிட்ட சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் அவருக்காக. மாட்டேன்னுட்டேன். கன்ட்ரோலரை எடுத்து அவர் கையில வெச்சேன், வலது விரலை நானே மடக்கி விட்டேன். ரொம்ப நேரம் சும்மா வெச்சுக்கிட்டு இருந்தார், அப்புறம் ஆடினார். நான் அடுக்களைக்குப் போயிட்டேன், பக்கத்துல நின்னு பார்க்க மனசு வரலை. இனிமே உனக்கு வர்றது அவர் எடுத்த ஸ்கோர்தான், நான் தொடமாட்டேன். இந்த லெட்டர் உன் கையில கிடைக்கிறதுக்குள்ள, ஸ்கோர் குறைஞ்சதைப் பார்த்துட்டு நீ போன் பண்ணி என்னப்பா ஆச்சுன்னு கேட்டிருப்பே, பெட்டியில ஏதோ கோளாறுன்னு அவர் சொல்லியிருப்பார், நீ அதையும் நம்பியிருப்பே. கோளாறு பெட்டியில இல்லை.

டெய்லர் செருப்பை மாட்டிட்டார், நிறுத்துறேன். மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம், உனக்கும்தான், கோபத்துல அதைக் குறைக்க மாட்டேன். அப்பாவோட ஆசீர்வாதத்தை நான் எழுதி அனுப்புறதா இல்லை, அதை நேர்ல வந்து வாங்கிக்கோ. இடது கையைத்தான் தலையில வைப்பார், அப்ப முகத்தை மாத்திக்காதே. மறந்துடாதே, வந்தா அந்த ஸ்கோரைப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது, இந்த லெட்டரைப் பத்தியும்.

இப்படிக்கு,
நீ பாராட்டின ஸ்கோரை எடுத்த
உன் அம்மா