போலந்துப் படத்தின் கடைசி ரீல்

அனுப்புநர்
கோ. காயாரோகணம், எம்.ஏ., பி.டி.,
செயலாளர், உலகத் திரைப்பட ரசிகர் சங்கம்,
கீழப்பொற்சேரி, குத்தாலம் வழி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: காவல் நிலையத்தில் முடக்கப்பட்டுள்ள படப்பெட்டியை விடுவித்து, கடைசி ரீலைத் திரையிட அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியன். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது பற்றிய என் மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் உறங்குகின்றன. அவற்றை இப்போது எழுப்ப விரும்பவில்லை. இது சினிமா பற்றியது.

2. ஐரோப்பியப் படங்களைச் சென்னையிலிருந்து தருவித்துக் காட்டும் எங்கள் சங்கத்தைத் தொடங்கியவன் நான். தலைவரானவர் மிராசுதார் திரு. பஞ்சநதம். அவரிடம் ரைஸ்மில் களம் இருந்தது. என்னிடம் ரசனை மட்டுமே இருந்தது.

3. குறுவை அறுவடைக் கூலித் தகராற்றால் எங்கள் பகுதியில் 144 தடை உள்ளது. ஆகவே 'பொழுதுபோக்கு நிகழ்ச்சி' என்று விண்ணப்பித்து, வட்டாட்சியரிடம் முறைப்படி அனுமதி பெற்றே சனிக்கிழமை மாலை அந்தக் களத்தில் ஒரு போலந்துப் படத்தைத் திரையிட்டோம். கட்டணம் இல்லாததால் அறுவடை ஆட்களும் குடும்பத்துடன் வந்தார்கள்.

4. படத்தில், வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் பண்ணையாரின் ஆட்கள் ஒரு கிழவியின் வாசலில் நிற்கிறார்கள். கிழவி பதிலே சொல்லாமல் ரொட்டிக்கு மாவு பிசைகிறார். வந்தவர்களுக்கும் சேர்த்தே உருண்டை பிடிக்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கட்டைவிரல் மட்டும் மாவில் அமுங்கி, எடுக்க மறந்ததுபோல் அப்படியே நிற்கிறது. ஐயா, கண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டிய நடிகைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டைவிரல் அழுததுபோல் எவரும் அழுததில்லை.

5. அந்த இடத்தில்தான் எங்கள் தலைவர், "என்ன வாத்தியாரே, இவ வாயத் தெறக்கவே மாட்டாளா?" என்று உரக்கக் கேட்டார். பெண்கள் பக்கமிருந்து, அறுவடைக்கு வரும் நாகம்மாள் என்பவர், "நாங்க வாயத் தெறந்து கேட்டா மட்டும் ஐயா காதுல விழுவுதாக்கும்!" என்றார். களமே சிரித்தது. தலைவர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது உதவி ஆய்வாளரும் உடன் வந்தார்.

6. உதவி ஆய்வாளர் மெஷினை நிறுத்தச் சொல்லி, "இதுல பாட்டு இருக்கா? சண்டை இருக்கா? சிரிப்பாவது இருக்கா? அப்புறம் என்னய்யா பொழுதுபோக்கு?" என்று கேட்டு, அனுமதி செல்லாது என்றார். ஜனங்கள் சிரித்ததால்தானே தாங்கள் வர நேர்ந்தது என்று நான் பணிவுடன் சுட்டிக்காட்டியதை அவர் விரும்பவில்லை. கடைசி ரீல் ஓடாமலே பெட்டி நிலையத்துக்குப் போய்விட்டது. அங்கே காவலர்கள் படச்சுருளை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்துப் புரட்சிக் கருத்தைத் தேடி வருகிறார்கள்.

7. அன்று முதல் என்னால் வீதியில் நடக்க முடியவில்லை. நாகம்மாள் கட்டுச் சுமையோடு வரப்பில் நின்றபடியே, "அந்தம்மா வீட்ட விட்டுக் குடுத்துச்சா இல்லியா? ஒண்ணு சொல்லிட்டுப் போங்க சார்" என்கிறார். எனக்கும் தெரியாது. முன்பு சென்னையில் இதே படத்தைப் பார்த்தபோது, மாயவரம் ரயிலைப் பிடிக்கப் பாதியில் எழுந்து ஓடியவன் நான்.

8. நேற்று மிராசுதாரின் காரியக்காரர் சிங்காரவேலு என் வீட்டுக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "முடிவு என்னன்னு ஐயா கேட்டுகிட்டு வரச் சொன்னாங்க. நான் கேட்டதா வெளிய சொல்லிடாதீங்க" என்றார். இல்லாத முடிவைச் சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டேன். அதில் எனக்கு ஏற்பட்ட திருப்தியைத் தங்களிடம் மறைக்கவில்லை.

ஆகவே, புகார் கொடுத்தவரே முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு படம் பொழுதுபோக்கே என்று தாங்கள் தீர்ப்பளித்து, திங்களன்று அது சென்னைக்குத் திரும்புமுன், வரும் சனிக்கிழமை ஒரு ரீலை மட்டுமாவது ஓட்ட உத்தரவிட வேண்டுகிறேன். தங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு. உதவி ஆய்வாளருக்கும் உண்டு. எங்கள் தலைவருக்கு நாகம்மாள் பக்கத்தில் இடம் போடுகிறோம்.

இடம்: கீழப்பொற்சேரி
நாள்: 1.10.1974

முடிவறியக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கோ. காயாரோகணம்

இணைப்பு: வட்டாட்சியரின் அனுமதி, நகல்.