குட்டி போட்ட கரண்ட்

திருக்கழுக்குன்றம்,
ஞாயிறு மாலை.

அன்புத் தம்பி கலையரசனுக்கு,

அக்கா துர்காதேவி எழுதுவது. இங்கே நாங்களும் உன் மனைவி கல்யாணியும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய். அதனால், லீவு முடிந்து கத்தார் திரும்பும் ஏசுபாதம் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே வடகமும் இருக்கிறது. படித்த கோபத்தில் அதைத் தூக்கி எறிந்துவிடாதே.

உன் சிநேகிதன் தமிழ்வாணன் மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் வைத்திருக்கும் வெந்நீர் மெஷினை நானும் கல்யாணியும் போய்ப் பார்த்தோம். மோட்டார் தண்ணீரைச் சுழற்றுகிறது, குமிழி உண்டாகி உடைகிறது, சூடு வருகிறது. அதெல்லாம் நிஜம்தான். "ஒரு பங்கு கரண்ட் குடுத்தா ரெண்டு பங்கு சூடு வருதுக்கா, கரண்டு குட்டி போடுது" என்றான். ஆடு குட்டி போடும், கரண்ட் போடாது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன், இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் அவன் போட்ட கணக்கு இரண்டு பங்கு என்றுதான் காட்டியது. அவன் ஏமாற்றுகிறவனும் இல்லை. மெஷினுக்குள் தண்ணீர் போகும் குழாயைத் திறந்து கையை நீட்டினேன். சுட்டது! கத்திரி வெயில், உச்சிப்பொழுது, மொட்டைமாடியில் கருப்புத் தொட்டி. அந்த நேரத்தில் நம் ஊரில் யாராவது குழாயைத் திறந்து கால் கழுவுவார்களா? கணக்குப் போடும்போது, உள்ளே போகும் தண்ணீர் இருபத்தைந்து டிகிரி என்று வைத்துக்கொள் என்று மெஷின் கம்பெனிக்காரன் சொன்னானாம், இவனும் அப்படியே வைத்துக்கொண்டான். பாதிச் சூடு வெயில் போட்டது.

மறுநாள் காலையில் மறுபடியும் போய், தொட்டித் தண்ணீரின் சூட்டை முதலில் அளந்துவிட்டு ஓட்டச் சொன்னேன். குட்டியைக் காணோம். கொடுத்த கரண்டுக்குச் சற்றுக் குறைவாகவே சூடு. தமிழ்வாணன் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னாக்கா, மெஷினு காலைல தூங்கினுகீதா?" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆகவே, இதற்கு ஏஜென்சி எடுக்க அப்பாவின் நிலத்தை விற்கும் பேச்சை விட்டுவிடு. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது, நான் போட மாட்டேன்.

கல்யாணி மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான், "அப்போ அவரு வரமாட்டாரா அண்ணி?" என்று கேட்டாள். மெஷின் ஓடினால் ஊரோடு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாயாமே. ஏசி மெக்கானிக் நீ, தினமும் மோட்டாரோடு புழங்குகிறவன், இதை எப்படி நம்பினாய் என்று அதுவரை நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊருக்கு வர உனக்கு எதற்கடா மெஷின்? கடற்கரை ஓட்டல்களில் ஏசி பார்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்களாம், தமிழ்வாணனே சொன்னான். வெறுங்கையோடு வா. யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். வேதகிரீஸ்வரர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கத்திரி முடிவதற்குள் வந்துவிடு. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் நம் வீட்டு மாடிக் குழாயைத் திறந்தால் போதும்.

உன் அக்கா,
துர்கா