அருச்சனைக்குச் சொல்லும் பேர்

என் சின்னண்ணாவுக்கு,

கோபிக்க வேண்டாம். இறந்தவருக்கு எழுதுவதுபோல உங்களுக்கு எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் இன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது.

ஊரில், யுத்தத்தில் செத்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைக்கப்போகிறார்களாம். உங்கள் பேரும் செத்த திகதியும் தரச்சொல்லிப் போனில் கேட்டார்கள். அம்மா ஒரே பிடி.

"வருசா வருசம் பிறந்தநாளுக்கு அருச்சனை செய்யிற பேர். அதைக் கொண்டுபோய்ச் செத்தவையின்ர கல்லில வெட்டுறதோ?"

அம்மா சொல்வதும் சரிதானே? இங்கே ஜெர்மனியில், ஹம் ஊர்க் கோயிலில் ஐயரிடம் உங்கள் பேரும் பூரட்டாதி நட்சத்திரமும் சொல்லி, உங்கள் பங்கு விபூதியை மடித்துச் சாமியறையில் வைக்கிறவர் அம்மா. உயிரோடு இருப்பவருக்குத்தான் அருச்சனை. கடைசிச் சண்டைக்குப் பிறகு உங்களைக் கண்டவர் இல்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை. எனக்கென்னவோ நீங்கள் இல்லை என்று எப்போதோ தெரிந்துவிட்டது. அதை அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஏலாது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வேலை, காரில் ஊர் ஊராகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி மருந்து கொடுப்பது. இந்த நாட்டில் எந்தச் சின்ன ஊரிலும் தேவாலயத்துக்குப் பக்கத்தில் யுத்தத்தில் செத்தவர்களின் பேர்க்கல் ஒன்று நிற்கும். இத்தனை காலமும் திரும்பியும் பார்க்காதவள், இப்போது காரை நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறேன். ஜெர்மன்காரரின் கல்லில் உங்கள் பேரைத் தேடுகிற விசரி. சிரியுங்கோ.

ஒரு கல்லில், செத்தவர்களுக்குக் கீழே 'வெர்மிஸ்ட்' என்று தனியாகச் சில பேர். காணாமல் போனவர்கள். அவர்களுக்குத் திகதி இல்லை. அடுத்த வீட்டுக்கு நேரம் பிந்துவதும் தெரியாமல் நின்றேன்.

போன கிழமை அம்மாவுக்குக் கண் டாக்டரைப் பார்க்க டெர்மின், நாள் குறித்துத் தந்திருந்தார்கள். திரும்பும்போது அந்தக் கல்லடியில் காரை நிறுத்தி, வாசித்துச் சொன்னேன். கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு, அந்தப் பேர்களில் ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு இவையளின்ர தாய்மார் ஓமெண்டவையோ?"

"தெரியாதம்மா."

"ஏலாக்கட்டத்திலதான் ஓமெண்டிருப்பினம்."

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சொன்னார். "பேரைக் குடு. காணாமல் போனவர் எண்டு போடச் சொல்லு. திகதி கேட்டால், தாய்க்குத் தெரியாதாம் எண்டு சொல்லு."

கொடுத்துவிட்டேன், அண்ணா. கல்லின் படம் வருமட்டும் எனக்கு நித்திரை வராது. உங்கள் பேரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் சண்டைதான்.

ஆனால் அருச்சனை நிற்காது. அம்மாவுக்குப் பிறகும் தட்டோடு நான் போவேன். எனக்கு நம்பிக்கை இல்லை. என்றாலும் ஐயர் கேட்டால், உங்கள் பேரும் நட்சத்திரமும் சொல்லுவேன்.

உங்கள் பங்கு விபூதியை மடித்து வைத்திருக்கும்,
தங்கச்சி